பவுண்டேஷனா, அக்செஸா? தாதியாக விரும்பும் ஒரு கெயாரருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் கிளிநொச்சி. 2007 டிசம்பரில் ஓ.எல். (இலங்கையின் சாதாரண தரப் பரீட்சை) எழுதிச் சித்தியடைந்தேன். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் எஸ் (சாதாரண சித்தி) மட்டும்தான். ஏ.எல். (உயர்தரம்) உயிரியல் படிக்கத் தொடங்கியபோது இடம்பெயர்ந்தோம், அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. 2013இல் திருமணமாகி லண்டன் வந்தேன். இப்போது பிரித்தானியக் குடியுரிமை இருக்கிறது. ஆறு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் டிமென்ஷியா பிரிவில் கெயாரராக (பராமரிப்பு உதவியாளராக) வேலை. ஒன்பது, ஐந்து வயதில் இரண்டு பிள்ளைகள், கணவர் கடையில் வேலை செய்கிறார். தாதியாக வேண்டும் என்பது பழைய ஆசை. தெரிந்த முகவர் ஒருவர், "பவுண்டேஷன் ஆண்டுடன் பிசினஸ் டிகிரி ஒன்றில் சேர்த்துவிடுகிறேன். கிழமைக்கு இரண்டு நாள்தான் வகுப்பு, கணிதம் கேட்கமாட்டார்கள், வருடம் 13,000 பவுண் கைக்கு வரும், பிறகு தாதியர் படிப்புக்கு மாறலாம்" என்கிறார். சேரலாமா? இந்த வயதில் பல்கலைக்கழகம் சரிவருமா? ஓ.எல். சான்றிதழும் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த பிசினஸ் படிப்பில் சேராதீர்கள். உங்களுக்குப் பொருத்தமான வழி மூன்று படிகள் கொண்டது. முதலில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் லெவல் 2க்கு, அதாவது இங்கத்தைய ஜிசிஎஸ்இ சித்தி அளவுக்கு, கொண்டுவர வேண்டும். அடுத்து ஒரு வருட அக்செஸ் டிப்ளோமா, அதாவது ஏ.எல். இல்லாத வளர்ந்தோரைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் படிப்பு. அதன்பின் மூன்று வருடத் தாதியர் டிகிரி. முதல் இரண்டு படிகளையும் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு கொலிஜிலேயே முடிக்கலாம்.

முகவர் சொன்னதை ஏன் மறுக்கிறேன் என்று முதலில் விளக்குகிறேன். இதே பேச்சு நம்மவர் வீடுகள் பலவற்றுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

பவுண்டேஷன் ஆண்டு என்பது டிகிரிக்கு முன்னால் ஒட்டப்படும் ஒரு வருடம். மூன்று வருடப் படிப்பு நான்காகிறது. ஏ.எல். இல்லாதவர்களும் ஆயத்தமாகி உள்ளே வரலாம் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல பல்கலைக்கழகங்களும் அதை நடத்துகின்றன. ஆனால் ஒரு இடத்தில் முடித்த பவுண்டேஷன் ஆண்டு பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தில், அந்தத் துறையில் மேலே போகத்தான் செல்லும். பிசினஸ் பவுண்டேஷனை வைத்துக்கொண்டு தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்தால், தெரிவுக் குழு கேட்கப்போவது உயிரியலும் சுகாதாரமும் படித்த சான்றும், கணிதச் சித்தியும்தான். இரண்டும் உங்களிடம் இருக்காது. ஒரு வருடம் கழித்து இப்போது நிற்கிற இடத்திலேயே நிற்பீர்கள், கடன் மட்டும் கூடியிருக்கும்.

அந்தக் கடன் எவ்வளவு? இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டு முதல் பிசினஸ் போன்ற வகுப்பறைப் பாடங்களின் பவுண்டேஷன் ஆண்டுக்கு உச்சக் கட்டணம் 5,760 பவுண். அவர் சொல்லும் 13,000 என்பது வாழ்க்கைச் செலவுக் கடன். லண்டனில் பெற்றோருடன் அல்லாமல் தனிவீட்டில் இருப்பவர்களுக்கு, குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், 2025-26இல் அது 13,762 பவுண் வரை போகும். இரண்டையும் கூட்டினால் ஒரே வருடத்தில் 19,522 பவுண். "கைக்கு வரும்" என்று அவர் சொன்னது முழுக்கக் கடன், அதில் நன்கொடை ஒன்றும் இல்லை.

இடையில் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கட்டணப் பொறுப்பு முதல் தவணையில் 25 வீதம், இரண்டாவதில் இன்னொரு 25 வீதம், மூன்றாவதில் மீதி 50 வீதம் என்று ஏறும். மூன்றாம் தவணை தொடங்கி ஒரு கிழமையில் விலகினாலும் முழு வருடக் கட்டணமும் உங்கள் பெயரில் விழும். வாழ்க்கைச் செலவுக் கடனில் படிக்காத நாட்களுக்கு என்று கூடுதலாக எடுத்த தொகையை, சம்பளம் உயரும்வரை காத்திராமல், உடனே திருப்பிக் கேட்பார்கள்.

இதில் இன்னொரு இழப்பு இருக்கிறது, அதை எந்த முகவரும் சொல்வதில்லை. 2027 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு மாணவர் கடன் முறை மாறுகிறது. ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் நான்கு வருடப் படிப்புக்கான கட்டணக் கடன் உரிமை கிடைக்கும். முன்பே கடன் எடுத்துப் படித்த வருடங்கள் அதிலிருந்து கழியும். சில சுகாதாரப் படிப்புகளுக்கு மேலதிக உரிமை உண்டுதான். அதை நம்பி ஒரு வருடத்தை உங்களுக்கு உதவாத பாடத்தில் செலவழிக்க வேண்டாம். அக்செஸ் டிப்ளோமாவுக்கான கடன் இந்த நான்கு வருடக் கணக்கில் சேராது. தாதியர் டிகிரியைத் தொடங்கும்போது உங்கள் உரிமை முழுதாக இருக்கும்.

கிழமைக்கு இரண்டு நாள் வகுப்பு என்று சொல்லி ஆள் சேர்க்கும் இடங்கள் பல, பல்கலைக்கழகத்திடம் உரிமம் வாங்கி அதன் பெயரில் பாடம் நடத்தும் தனியார் கல்லூரிகள். எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரித்தானியாவின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024 ஜனவரியில் இந்த ஏற்பாட்டைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. படிக்கும் எண்ணமே இல்லாமல் கடனுக்காகச் சேர்பவர்களைப் பற்றியும், மேற்பார்வையின் ஓட்டைகள் பற்றியும் அது பேசியது. முகவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். டிகிரியை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? பாடம் நடத்தும் கல்லூரியின் பெயர், உயர்கல்வி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மாணவர் அலுவலகத்தின் (Office for Students) பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா? பவுண்டேஷனில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடத்துக்குப் போனார்கள்? என்னைச் சேர்த்தால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு அவர் மழுப்பினால் அதுவே போதுமான பதில்.

இனி உங்கள் வழி.

முதலில் கணிதமும் ஆங்கிலமும்

தாதியர் படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஜிசிஎஸ்இ (இங்கே 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) தரம் 4 அளவில் கணிதமும் ஆங்கிலமும் கேட்கும். ஓ.எல். எஸ் அதற்கு ஈடாகாது. சி இருந்திருந்தால் பேசிப் பார்க்கலாம், எஸ் என்றால் நேரத்தை வீணாக்காமல் இங்கே எழுதிவிடுவதுதான் வழி. நல்ல செய்தி, இது இலவசம். இங்கிலாந்தில் 19 வயதுக்கு மேற்பட்டு, இந்தத் தரம் இல்லாமல், வதிவிடத் தகுதியும் உள்ள ஒருவர் இரண்டு பாடங்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். கொலிஜோ கவுன்சிலின் வளர்ந்தோர் கல்வி நிலையமோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே கேளுங்கள்.

இரண்டு பரீட்சைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். ஜிசிஎஸ்இ என்றால் செப்டெம்பரில் தொடங்கி மே-ஜூனில் எழுதி, ஓகஸ்டில் பெறுபேறு. கணிதத்தில் பவுண்டேஷன் நிலை வினாத்தாள் போதும். (பெயர்தான் ஒன்று, மேலே சொன்ன பவுண்டேஷன் ஆண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அந்த நிலையில் தரம் 5 வரை எடுக்கலாம், உங்களுக்குத் தேவை 4. மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரம், முதல் தாளில் கல்குலேட்டர் இல்லை. சறுக்கினால் நவம்பரில் மறுபடி எழுத வாய்ப்பு உண்டு.

மற்றது பங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2, அன்றாடப் பயன்பாட்டுக் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்குமான பரீட்சை. இதற்கு வருடத்தில் பல தடவை திகதி கிடைக்கும், ஆயத்தமானவர் சில மாதங்களில் முடித்துவிடலாம். கணிதத்தில் கால்பங்கு கல்குலேட்டர் இல்லாமல், முக்கால்பங்கு கல்குலேட்டருடன். ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்று பகுதி. எழுத்துப் பகுதியில் அகராதியும் எழுத்துப்பிழை திருத்தியும் அனுமதியில்லை. போனில் தட்டச்சுசெய்து திருத்திப் பழகியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். இன்று முதலே நாளுக்கு ஒரு பக்கமாவது பேனாவால் எழுதுங்கள்.

பங்ஷனல் ஸ்கில்ஸை எல்லாத் தாதியர் படிப்புகளும் ஏற்பதில்லை. ஆகவே எதில் சேர்வது என்று முடிவெடுக்க முன்னர், உங்களால் தினமும் போய்வரக்கூடிய நான்கைந்து பல்கலைக்கழகங்களின் தாதியர் பக்கத்தைத் திறந்து நுழைவுத் தகுதியை வாசியுங்கள். எல்லாமே ஏற்கின்றன என்றால் பங்ஷனல் ஸ்கில்ஸ் எடுங்கள். ஒன்றிரண்டு மறுத்தாலும் ஜிசிஎஸ்இ எழுதுவது பாதுகாப்பு.

இந்தப் படியையும் அக்செஸையும் ஒரே வருடத்தில் செய்யலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். சில கொலிஜ்கள் விடும். வேலை, இரண்டு பிள்ளைகள், இருபது வருடத்துக்குக் கிட்டிய இடைவெளி என்ற நிலையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் திணறுகிறார்கள். அக்செஸின் கடைசி ஒப்படைகளும் ஜிசிஎஸ்இ பரீட்சையும் ஒரே கிழமைகளில் வந்து விழும்.

உங்கள் கணிதம் நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருக்கும். தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்குப் பின்னம், வீதம், சமன்பாடு எல்லாம் கைக்கு வரும். வசனக் கணக்குத்தான் மறிக்கும். தாதியர் நேர்முகத்தில் வைக்கும் கணக்கும் வசனக் கணக்குத்தான். ஒன்று செய்து பாருங்கள்: 5 மில்லிலீற்றரில் 125 மில்லிகிராம் உள்ள ஒரு திரவ மருந்து, நோயாளிக்கு 200 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், எத்தனை மில்லிலீற்றர்? வேண்டிய அளவை இருக்கும் அளவால் பிரித்து, கனவளவால் பெருக்க வேண்டும். 200 ÷ 125 = 1.6, அதை 5ஆல் பெருக்க 8 மில்லிலீற்றர். கணக்கு ஓ.எல். அளவுகூட இல்லை. வசனத்திலிருந்து அந்த மூன்று எண்களையும் சரியான இடத்தில் எடுத்து வைப்பதுதான் பயிற்சி. கிராமை மில்லிகிராமாக மாற்றும்போது ஒரு பூச்சியம் கூடவோ குறையவோ விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அலகை மாற்றும் வரியைத் தனியாக எழுதிவிட்டுப் பிறகு பிரித்தால் அது நடக்காது.

அக்செஸ் டிப்ளோமா

"இந்த வயதில்" என்று கேட்டீர்கள். இங்கே 21 வயதுக்கு மேல் முதல் டிகிரிக்குப் போகிற எவரும் முதிர்ந்த மாணவர்தான். அக்செஸ் படிப்பும் பொதுவாக 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். 1978இல் பிரித்தானியக் கல்வித் திணைக்களம் ஏழு உள்ளூராட்சிக் கல்வி நிர்வாகங்களை அழைத்து, வழக்கமான பரீட்சைகள் வழியாக வர முடியாதவர்களுக்கு, அதிலும் சிறுபான்மைச் சமூகத்தவர்களுக்கு, ஆயத்தப் படிப்புகளைத் தொடங்கச் சொன்னது. இன்றைய அக்செஸ் டிப்ளோமா அதிலிருந்து வளர்ந்தது. போரால் பரீட்சை தவறிய ஒருவர் அதில் சேர்வது சலுகை கேட்பதல்ல, அந்தப் படிப்பு இருப்பதே அதற்காக.

படிப்பின் கட்டமைப்பு இது. மொத்தம் 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்துப் பத்து மணிநேரம் என்று கணக்கு, ஆக 600 மணிநேரம். அதில் 45 கிரெடிட் லெவல் 3 பாடங்களுக்கு. அவற்றுக்கு மட்டும் பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் உண்டு. மீதி 15 கட்டுரை எழுதுவது, மேற்கோள் காட்டுவது போன்ற படிப்புத் திறன்களுக்கு, அவற்றுக்குச் சித்தி மட்டும்தான். தாதியருக்கான டிப்ளோமாவில் மனித உயிரியல், உளவியல், சமூகவியல், சுகாதாரம் ஆகியவை வரும். முழுநேரமாக ஒரு கல்வியாண்டு. கிழமைக்கு மூன்று நாள் அளவில் வகுப்பு இருக்கும், மாலை வகுப்பாக இரண்டு வருடத்துக்கு நீட்டி நடத்தும் இடங்களும் உண்டு.

பல்கலைக்கழகங்கள் கேட்பதை யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு) புள்ளியாக மாற்றிப் புரிந்துகொள்ளுங்கள். 45 கிரெடிட்டும் பாஸ் என்றால் 48 புள்ளி, எல்லாம் மெரிட் என்றால் 96, எல்லாம் டிஸ்டிங்ஷன் என்றால் 144. பதினைந்து டிஸ்டிங்ஷனும் முப்பது மெரிட்டும் எடுத்தால் 112. அதை இலக்காக வைத்தால் தாதியர் படிப்புகள் பலவற்றின் கதவு திறக்கும். வெறும் பாஸ் எடுத்து டிப்ளோமாவை முடித்தவர் சான்றிதழோடு வெளியே நிற்க நேரலாம். ஆகவே "சித்தியடைந்தால் போதும்" என்ற எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

தரம் எங்கே போகிறது? அறிவுக் குறைவால் போவது குறைவு. முதலாவது காரணம் நேரம் தவறுதல். ஒப்படை பிந்தும் என்று தெரிந்தால் இறுதி நாளுக்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேட்க வேண்டும். கேட்காமல் பிந்தினால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் தரம் பாஸுடன் நின்றுவிடலாம். இரண்டாவது, கேள்வியின் வினைச்சொல்லைக் கவனிக்காமல் விடுவது. விவரி என்பதற்கும் மதிப்பிடு என்பதற்கும் வேறு விடை. நம் பாடசாலைகளில் தெரிந்ததையெல்லாம் எழுதினால் புள்ளி கிடைத்தது, இங்கே கேட்டதற்கு மட்டும்தான் கிடைக்கும். இதய நோயாளிக்கு நடைப்பயிற்சி உதவுமா என்று மதிப்பிடச் சொன்னால், இதயத்தின் நான்கு அறைகளையும் வர்ணித்த ஒரு பக்கம் வீண். ஒரு பந்திக்கு ஒரு கருத்து, அதற்கு ஆதாரம், அந்த ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று இரண்டு வசனம், அடுத்த பந்தி. இந்த அச்சைப் பழகியவர்களுக்கு மெரிட் தானாக வரும். மூன்றாவது, இணையத்தில் கண்ட வசனங்களை அப்படியே ஒட்டுவது. ஒப்படைகள் மென்பொருளால் சோதிக்கப்படும், பிடிபட்டால் படிப்பே போகலாம். வாசித்ததை மூடிவைத்துவிட்டு, உங்கள் எளிய ஆங்கிலத்தில் எழுதி, யாருடைய கருத்து என்று குறிப்பிடுங்கள். எளிய ஆங்கிலத்துக்குப் புள்ளி குறைவதில்லை.

ஓ.எல். விஞ்ஞானமும் ஏ.எல். உயிரியலின் தொடக்கமும் உங்களுக்குப் பெரிய முதல். குருதிச் சுற்றோட்டம், சிறுநீரகம், ஓமோன் எல்லாம் தெரிந்தவைதான். ஆங்கிலப் பெயர்களை ஒரு கொப்பியில் உறுப்பு வாரியாக எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஜனவரியில் வரும் பொறி

அக்செஸ் செப்டெம்பரில் தொடங்கும். யூகாஸ் விண்ணப்பத்தின் சமவாய்ப்பு இறுதி நாள் (அதற்குள் வரும் விண்ணப்பங்கள் எல்லாம் சமமாகப் பார்க்கப்படும்) ஜனவரியில் வரும், 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14ஆக இருந்தது. அப்படியென்றால் வகுப்பு தொடங்கி நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஆசிரியர் உங்கள் எதிர்பார்க்கும் தரத்தை எழுதும்போது அவர் கையில் உங்கள் முதல் சில ஒப்படைகள் மட்டுமே இருக்கும். "பழகிக்கொண்டு மெதுவாகப் பிடிப்போம்" என்று தொடங்கியவர்கள் அங்கே இழக்கிறார்கள். செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதமும் மேலதிக ஷிப்ட் எடுக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் ஐந்து இடம் வரை தெரிவுசெய்யலாம். தன்விவரக் கூற்று 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி எப்படி ஆயத்தப்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்திருக்கிறீர்கள். மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துக்குறிகள், ஒவ்வொன்றும் குறைந்தது 350. பதினெட்டு வயது மாணவர் மூன்றாவது கேள்வியில் சிரமப்படுவார். உங்களிடம் ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் "எனக்கு இரக்க மனம், பொறுமை அதிகம்" என்று எழுதினால் அந்த ஆறு வருடமும் காணாமல் போய்விடும். நடந்ததை எழுதுங்கள். வழக்கமாக நன்றாகத் தண்ணீர் குடிக்கும் ஒருவர் இரண்டு நாளாகச் சரியாகக் குடிக்கவில்லை என்பதை நீராகாரப் பதிவில் கண்டது, அவர் வழமைக்கு மாறாகக் குழம்பிப் பேசியதைச் சேர்த்துத் தாதியிடம் அறிவித்தது, பிறகு என்ன செய்யப்பட்டது, அதிலிருந்து எதைக் கற்றீர்கள். இப்படி ஒன்று போதும். முதியவரின் பெயரோ இல்லத்தின் பெயரோ வரக்கூடாது. இரகசியம் காப்பது தாதியத்தின் அடிப்படை, விண்ணப்பத்திலேயே அதை மீறினால் வாசிப்பவர் கவனிப்பார்.

எந்தப் பிரிவு என்பதையும் யோசியுங்கள். வளர்ந்தோர், சிறுவர், மனநலம், கற்றல் குறைபாடு என்று தாதியம் நான்காகப் பிரிந்திருக்கிறது. எல்லோரும் முதலாவதற்கே ஓடுகிறார்கள். டிமென்ஷியா பிரிவில் ஆறு வருடம் இருந்த உங்களுக்கு மனநலத் தாதியம் நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

காசு

அக்செஸ் படிப்பின் கட்டணத்துக்கு, பெரும்பாலும் 3,000 பவுணுக்கு மேல் வரும், வளர்ந்த கற்போர் கடன் எடுக்கலாம். வருமானம் பார்ப்பதில்லை, வங்கிக் கடன் வரலாறும் பார்ப்பதில்லை. அக்செஸ் முடித்துப் பல்கலைக்கழகம் போய் டிகிரியையும் நிறைவு செய்தால் இந்தக் கடனின் மீதி முழுவதும் தள்ளுபடி செய்யப்படும். டிகிரியை இடையில் விட்டால் கடன் அப்படியே நிற்கும்.

அந்த ஒரு வருடத்தில் வாழ்க்கைச் செலவுக் கடன் கிடையாது. பலர் பவுண்டேஷனுக்குத் திரும்புவது இதனால்தான், அது நியாயமான கவலையும்கூட. இதற்கு மூன்று வழி பாருங்கள். மூன்று நாள் வகுப்பு என்பதால் வார இறுதி ஷிப்டுகளைத் தக்கவைக்கலாம். இந்தக் கடன் எடுப்பவர்களுக்காகவே கொலிஜில் ஒரு உதவி நிதி இருக்கும், பிள்ளை பராமரிப்பும் பஸ் காசும் அதிலிருந்து கேட்கலாம். செப்டெம்பரிலேயே கேளுங்கள், பிந்தினால் நிதி தீர்ந்துவிடும். மூன்றாவது, கணிதம் படிக்கும் வருடத்தில் முழுநேர வேலை தொடரும், அப்போதே ஒரு தொகையைச் சேமியுங்கள்.

தாதியர் டிகிரி தொடங்கியதும் நிலைமை மாறும். 2025-26 கணக்கில் கட்டணம் 9,535 பவுண், அது கடன். வாழ்க்கைச் செலவுக் கடன் கணவரின் வருமானத்தைப் பொறுத்தது. அதற்கு மேல் என்எச்எஸ் (பிரித்தானிய அரச சுகாதார சேவை) கற்றல் ஆதரவு நிதி வருடத்துக்கு 5,000 பவுண், பிள்ளை உள்ளவருக்கு இன்னும் 2,000, மனநலம் அல்லது கற்றல் குறைபாட்டுப் பிரிவு என்றால் மேலும் 1,000. இவை திருப்பிக் கொடுக்க வேண்டியவை அல்ல. பயிற்சிக்குப் போய்வரும் மேலதிகப் பயணச் செலவையும் கோரலாம். பிள்ளை பராமரிப்புக்குச் செலவின் 85 வீதம் வரை மாணவர் மானியம் உண்டு, ஆனால் அதையும் யூனிவர்சல் கிரெடிட்டின் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரச உதவித்தொகை) பிள்ளை பராமரிப்புத் தொகையையும் சேர்த்து எடுக்க முடியாது. உங்கள் வீட்டுக்கு யூனிவர்சல் கிரெடிட் வருகிறதென்றால், வாழ்க்கைச் செலவுக் கடன் வருமானமாகக் கணக்கிடப்படும். மாதத்துக்கு 110 பவுணை விட்டுவிட்டு மீதியைக் கழிப்பார்கள். முன்கூட்டியே அறிவிக்காமல் விட்டு, பிறகு பெரிய தொகையைத் திருப்பிக் கட்டுகிற குடும்பங்கள் உண்டு.

திருப்பிச் செலுத்துவதைப் பற்றிப் பயம் வேண்டாம். இப்போதைய திட்டத்தில் வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டிய பகுதியில் 9 வீதம் மட்டும் பிடிப்பார்கள். சம்பளம் 31,000 என்றால் 6,000இல் 9 வீதம், வருடத்துக்கு 540, மாதத்துக்கு 45 பவுண். நாற்பது வருடத்தில் மீதி அழியும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இவை குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள, படிப்பு தொடங்க முன்னர் மூன்று வருடம் இங்கே வாழ்ந்தவர்களுக்கு. அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. பராமரிப்பு வேலை விசாவில் இருப்பவர்களுக்கு மாணவர் கடன் கிடையாது. யாராவது எடுத்துத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

சம்பளத்துடன் படிக்கும் வழி

உங்கள் முகாமையாளரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள்: துணைத் தாதிக்கான அப்பிரென்டிஸ்ஷிப்பில் ஆளை அனுப்புகிறார்களா? இங்கிலாந்தில் 2019 முதல் தாதியர் பேரவையில் பதிவுபெறும் தொழில் இது. இரண்டு வருடம், சம்பளத்தோடு படிப்பு, கட்டணம் உங்கள் தலையில் இல்லை. முடித்தபின் மேலும் படித்துத் தாதியாகலாம். இதற்கும் லெவல் 2 கணிதமும் ஆங்கிலமும் வேண்டும், ஆகவே முதல் படி எப்படியும் வீண்போகாது. இடம் கிடைப்பது வேலைகொடுப்பவரின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது, அதுதான் இதன் குறை. உங்கள் இல்லத்தில் இல்லையென்றால் என்எச்எஸ் வைத்தியசாலைகளில் சுகாதார உதவியாளராகச் சேர்ந்து அங்கிருந்து முயலலாம்.

வீட்டில் பேச வேண்டியது

தாதியர் டிகிரியில் குறைந்தது 4,600 மணிநேரம், அதில் பாதி, அதாவது 2,300 மணிநேரம், வைத்தியசாலையிலும் சமூக சேவையிலும் நேரடிப் பயிற்சி. பயிற்சி ஷிப்ட் காலை ஏழு, ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் போகும். இரவும் வார இறுதியும் வரும். பாடசாலையின் காலை உணவு கிளப் அந்த நேரத்துக்குத் திறக்காது. ஆகவே உங்கள் பயிற்சி நாட்களில் பிள்ளைகளை எழுப்பி, உடுத்தி, பாடசாலையில் விடுவது கணவர்தான். கடை முதலாளியிடம் அவர் நேரம் மாற்றிக் கேட்க முடியுமா, முடியாத நாளில் யார் என்பதை அக்செஸில் சேர முன்னரே இருவரும் பேசுங்கள். ஒக்டோபர், பெப்ரவரி, மே அரைத்தவணை விடுமுறைகளைக் கலண்டரில் குறித்து, அந்தக் கிழமைகளில் ஒப்படை முடிவு வந்தால் யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்றும் எழுதி வையுங்கள். படிப்பை இடையில் விட்டவர்களில் பலரை நிறுத்தியது பாடமல்ல, இந்தக் காலை ஏழு மணிதான்.

இந்த வழியில் போனால் தாதியாகும்போது உங்களுக்கு 39 வயது. இன்றைய சட்டப்படி உங்கள் அரச ஓய்வூதிய வயது 68. வேலை செய்ய 29 வருடம் இருக்கிறது.

கடைசியாக, சான்றிதழ். பத்தரமுல்லையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாகப் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சுட்டெண்ணும் பரீட்சை வருடமும் தேவை. சுட்டெண் மறந்திருந்தால் உங்களோடு அதே மண்டபத்தில் எழுதிய தோழிகளிடமோ, பாடசாலை அதிபரிடமோ கேட்டுப் பாருங்கள். பாடசாலைப் பதிவேடுகள் எல்லா இடத்திலும் தப்பவில்லை, ஆகவே இரண்டு பக்கமும் முயலுங்கள். சான்றிதழில் தந்தையின் பெயரோடும் கடவுச்சீட்டில் கணவரின் பெயரோடும் இருப்பீர்கள் என்றால், திருமணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வி வரும். அந்தச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கணித, ஆங்கில வகுப்புக்குக் கொலிஜ் வைக்கும் ஆரம்ப மதிப்பீட்டுக்கு அது தேவையில்லை, அடையாள ஆவணமும் முகவரிச் சான்றும் கொண்டுபோனால் போதும்.